தரவு எந்த இனம்? கணினியியலின் அடிப்படைப் பொருள்களை வகைப்படுத்துவது பற்றி

ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம் 1875-இல் தொடங்கப்பட்டது. ஊர் அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. ஜில்லா கலெக்டரின் பெயரே நூலகத்துக்கு நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் இருந்த மெல்வில் டியூயி, தம்முடைய தசமப் பகுப்பு முறையை 44 பக்கச் சிறு நூலாக வெளியிட்டார். மனித அறிவு முழுவதையும் 000 முதல் 999 வரையிலான ஆயிரம் வகுப்புகளுக்குள் அடுக்கிவிடலாம் என்பது அவர் துணிபு. அந்த ஆயிரத்தில் கணினிக்கு இடமில்லை. பிற்காலத்தில் கணினி பற்றிய நூல்கள் வரத் தொடங்கியபோது, அவற்றை எங்கே வைப்பது என்று நூலகர்கள் திண்டாடினார்கள். டியூயி பகுப்பின் 1979-ஆம் ஆண்டுப் பதிப்பில் தரவுச் செயலாக்கம் 001.6-இல் இருந்தது; கணினிப் பொறியியலோ மின்னணுவியலோடு சேர்ந்து 621.38-இல் கிடந்தது. 1985-இல் வெளியான திருத்தம்தான் 004, 005, 006 என்ற மூன்று எண்களைக் கணினித் துறைக்கு ஒதுக்கியது.

இந்த மூன்றில் 005-ஐக் கவனிக்க வேண்டும். நிரலாக்கம், நிரல்கள், தரவு ஆகிய மூன்றும் அந்த ஒரே எண்ணின் கீழ் வருகின்றன. நிரல் என்பது வேலை செய்வது, தரவு என்பது வேலைக்கு உட்படுவது என்று எல்லாப் பாடநூல்களும் பிரித்துச் சொல்லும்போது, நூலகப் பகுப்பு இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கிறது. இது கவனக்குறைவாக நேர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. கணினியியல் ஆராயும் பொருள்களின் இயல்பிலேயே இப்படிச் சேர்த்துவைக்கத் தூண்டும் ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

துறைக்குள் இருப்பவர்கள் செய்த வகைப்பாடும் இதே இடத்தில் தடுமாறியிருக்கிறது. கணினி அறிஞர்களின் பழைய பெரும் சங்கமான ஏசிஎம், 1964-இல் தன் முதல் வகைப்பாட்டை வெளியிட்டது. 1982-இல் புதிதாக ஒன்றை அமைத்து 1998-இல் அதைத் திருத்தியது. ஏ முதல் கே வரை பதினோரு பெரும்பிரிவுகள் கொண்ட அந்த அமைப்பில் 'ஈ' என்ற பிரிவு தரவுக்கு உரியது. தரவு அமைப்புகள், சேமிப்பு வடிவங்கள், மறையாக்கம், குறியீட்டுக் கோட்பாடும் தகவல் கோட்பாடும், கோப்புகள் எல்லாம் அதில் இருந்தன. 2012-இல் வந்த புதிய வகைப்பாட்டில் பெரும்பிரிவுகள் பதின்மூன்று ஆயின. ஆனால் அவற்றுள் தரவு என்ற பிரிவைக் காணோம். மறையாக்கம் பாதுகாப்புக்குப் போயிற்று. குறியீட்டுக் கோட்பாடு கணிதத்துக்குப் போயிற்று. தரவு அமைப்புகளில் ஒரு பங்கு வழிமுறைக் கோட்பாட்டின் கீழும் மறுபங்கு தகவல் அமைப்புகளின் கீழும் வந்து சேர்ந்தன. முப்பது ஆண்டுகள் தனிக்குடித்தனம் நடத்திய ஒரு பிரிவு, உலகமே தரவைப் பற்றிப் பேசத் தொடங்கிய பத்தாண்டில் கலைக்கப்பட்டது.

இதில் தவறு கண்டுபிடிக்க நான் முனையவில்லை. ஏசிஎம் வகைப்படுத்தியது ஆய்வுக் கட்டுரைகளை. டியூயி வகைப்படுத்தியது நூல்களை. இரண்டுமே துறைகளின் பகுப்பு. துறை ஆராயும் பொருள்களின் பகுப்பு வேறொரு வேலை. தாவரவியல் நூல்களை அடுக்குவது ஒன்று, செடிகளை இனம் பிரிப்பது வேறொன்று. கணினியியலில் முதல் வேலை பலமுறை நடந்துவிட்டது. இரண்டாவது இன்னும் அரைகுறையாகவே நிற்கிறது. ஆலன் நியூவெல், ஆலன் பெர்லிஸ், ஹெர்பர்ட் சைமன் மூவரும் 1967-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியபோது, கணினிகளையும் அவற்றைச் சூழ்ந்த நிகழ்வுகளையும் ஆராய்வதே இத்துறை என்றார்கள். டொனால்டு கனூத் வழிமுறைகளே அடிப்படைப் பொருள் என்றார். கிளாட் ஷானனுக்கு, 1948-இல், அடிப்படைப் பொருள் செய்தி. அதன் அர்த்தம் பொறியியல் சிக்கலுக்குத் தேவையில்லை என்று அவர் ஒதுக்கி வைத்தார். இயந்திரமா, வழிமுறையா, செய்தியா என்று மூன்று திசைகள்.

ஒரே ஒரு பைட்டை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். 00010010. இதை இரும எண்ணாகப் படித்தால் 18. இராஜபாளையம் பக்கத்துப் பேண்டேஜ் துணி வணிகத்தில் காஸ் துணித் தான் ஒன்றின் நீளமாக 18 மீட்டர் என்பது அடிக்கடி காதில் விழும் அளவு. சரக்குப் பட்டியலில் நீளம் என்ற கட்டத்தில் இந்தப் பைட்டு உட்கார்ந்திருக்கலாம். இதையே ஆஸ்கி எழுத்துக் குறியீடாகப் படித்தால், பழைய தொலை அச்சு இயந்திரங்களுக்கான ஒரு கட்டுப்பாட்டுக் குறி, கண்ணுக்குத் தெரியாது. இன்டெல் செயலி கட்டளையாக எடுத்துக்கொண்டால், மிகுதியைச் சேர்த்துக் கூட்டு என்ற ஏவல். நீளம், குறி, ஏவல் என்று மூன்று வெவ்வேறு இனங்கள் ஒரே எட்டு பிட்டுகளில் அடங்கியிருக்கின்றன. பிட்டுகளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எது என்று கண்டுபிடிக்க முடியாது.

இது தற்செயலாக வாய்த்த வேடிக்கை அல்ல. துறையின் அடித்தளமே இதுதான். 1936-இல் ஆலன் டூரிங் தம் பொது இயந்திரத்தைக் கற்பனை செய்தபோது, வேறோர் இயந்திரத்தின் வருணனையை நாடாவில் எழுதிக் கொடுத்தால் அதைப் படித்து அவ்வியந்திரமாகவே இது நடந்துகொள்ளும் என்று காட்டினார். இயங்கும் ஒன்று, எழுதி வைக்கத்தக்க ஒன்றாக மாறியது அங்கே. 1945-இல் எட்வாக் கணினி பற்றி ஜான் வான் நாய்மன் எழுதிய அறிக்கை, கட்டளைகளையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் வைக்கும் அமைப்பை விவரித்தது. இன்று நம் கையிலிருக்கும் தொலைபேசி வரை அந்த ஏற்பாடு தொடர்கிறது.

விலையும் கொடுத்திருக்கிறோம். 1988 நவம்பரில் மாரிஸ் புழு என்ற நிரல் அமெரிக்கக் கணினி வலையமைப்பில் பரவியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று எளியது: பயனர் தரும் செய்தியை வாங்கி வைக்கும் இடத்தில், அந்த இடத்தின் கொள்ளளவுக்கு மேல் எழுதி, எழுதியதையே கட்டளையாக ஓட வைப்பது. தரவாக வந்தது நிரலாக எழுந்தது. இதைத் தடுக்கச் செயலித் தயாரிப்பாளர்களும் இயக்கமுறைமை எழுதுபவர்களும் செய்ததைப் பாருங்கள். 2003 வாக்கில், ஏஎம்டியின் புதிய செயலிகளிலும் ஓபன்பிஎஸ்டி இயக்கமுறைமையிலும், நினைவகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அடையாளம் இடும் வழக்கம் வந்தது: இந்தப் பக்கத்தை இயக்கலாமா கூடாதா, இதில் எழுதலாமா கூடாதா. அதாவது, தரவா நிரலா என்ற வகைப்பாடு பொருளின் உடம்பில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, அதைத் தனிச் சீட்டாக எழுதிப் பக்கத்தில் ஒட்டினார்கள். வகைப்பாடு பற்றிய தத்துவம் வன்பொருளாக மாறிய அபூர்வமான தருணம் அது.

தமிழருக்கு நெருக்கமான இன்னொரு சான்று எழுத்து. 'ஆண்டாள்' என்ற பெயரில் எத்தனை எழுத்து? ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் பிள்ளை நான்கு என்று சொல்லும்: ஆ, ண், டா, ள். ஒருங்குறியைக் கேட்டால் ஏழு குறிப்புள்ளிகள்: ஆ, ணகரமும் புள்ளியும், டகரமும் துணைக்காலும், ளகரமும் புள்ளியும். யூடிஎஃப்-8 கோப்பில் அது 21 பைட்டு. நான்கும் ஏழும் இருபத்தொன்றும் மூன்றுமே சரி. எண்ணப்படும் பொருள்கள்தான் வேறு.

இங்கே எண்ணிக்கையைவிட ஆழமான ஒன்று இருக்கிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் முதலெழுத்துகள் முப்பது: உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. மெய் தன் இயல்பில் புள்ளி பெற்று நிற்கும். உயிர் ஏறும்போது புள்ளி நீங்கும். ஆகவே 'க்' அடிப்படை, 'க' அதன்மேல் அகரம் ஏறியது. ஒருங்குறியில் தலைகீழ். அங்கே 'க' தான் அடிப்படை; அதோடு புள்ளியைச் சேர்த்தால் 'க்' வருகிறது. பிராமி வழி வந்த இந்திய எழுத்து முறைகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி முறையிலிருந்து வந்த ஏற்பாடு அது. மற்றொரு சிக்கலும் உண்டு: 'கொ' என்பதைக் ககரமும் ஒரே ஒகரக் குறியுமாகவும் எழுதலாம், ககரமும் ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் இரண்டையும் பைட்டு பைட்டாக ஒப்பிடும் நிரல், வெவ்வேறு என்றே சொல்லும். அதனால்தான் ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் சமம் என்று தனியே விதி எழுதி அறிவிக்க வேண்டியிருந்தது. இந்தக் குறைகளைச் சுட்டியே ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்-16 என்ற முறை உருவானது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு அதையும் தரமாக ஏற்றது.

இந்த விவாதத்தை உணர்ச்சியின்றிப் பார்க்க உதவும் கருவி சீர்காழியில் பிறந்த ஒருவரிடமிருந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. சி. இரா. அரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். வகைப்பாட்டு வேலை மூன்று தளங்களில் நடக்கிறது என்றார் அவர்: கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம். கருத்துத் தளமே ஆள வேண்டும். குறியீட்டுத் தளம் பணியாள் மட்டுமே. தொல்காப்பியம் எழுத்தைக் கருத்துத் தளத்தில் வகுத்தது. ஒருங்குறி செய்தது குறியீட்டுத் தளத்தின் வேலை. பணியாள் வீட்டுச் சொந்தக்காரராகிவிட்டதாக எண்ணும்போதுதான் சண்டை வருகிறது. குறியீட்டில் 'க' அடிப்படையாக இருப்பதால் இலக்கணம் கெட்டுவிடாது. ஆனால் தமிழ் எழுத்தை எண்ணவும் அகரவரிசைப்படுத்தவும் எழுதப்படும் நிரல், குறிப்புள்ளியை எழுத்து என்று நம்பினால் கெட்டுவிடும். அப்படி நம்பிய நிரல்கள் ஏராளம்.

அரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு, டியூயியின் பாதையை அடியோடு மாற்றியது. டியூயி எல்லா அறைகளையும் முன்கூட்டியே கட்டி வைத்தார். வரும் நூல் ஏதாவதோர் அறைக்குள் போயாக வேண்டும். அரங்கநாதன் அறை கட்டவில்லை, கேள்விகளை வகுத்தார். பின்னாளில் அவர் ஐந்து அடிப்படை வகைகளாக அவற்றைத் திரட்டினார்: ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம். பேச்சு எதைப் பற்றியது, அது எதனால் ஆனது, அதன்மேல் நடப்பது என்ன, எங்கே, எப்போது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் நெசவு பற்றி ஒரு நூல் வந்தால், பேண்டேஜ் ஆளுமை, பருத்தி பருப்பொருள், நெய்தல் ஆற்றல், ஊர் இடம், ஆண்டு காலம். ஐந்து விடைகளையும் நிறுத்தற்குறிகளால் கோத்தால் எண் தயார். யாரும் முன்கூட்டி அந்த எண்ணை எழுதி வைத்திருக்கத் தேவையில்லை.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று முன்னால் வைத்து, அதன்பின் கருப்பொருள், உரிப்பொருள் என்று போகும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அரங்கநாதன் இடத்தையும் காலத்தையும் கடைசியில் வைத்தார். வரிசை எதிர்மாறு, முறை ஒன்று. ஒரு பாட்டை ஒரே பெட்டியில் போடாமல், அதனிடம் பல கேள்விகள் கேட்டு விடைகளைச் சேர்த்துத் திணை சொல்வது. அதோடு தொல்காப்பியம் ஒரு நுட்பத்தையும் கண்டது: உரிப்பொருள் அல்லாதவை மயங்கி வரலாம், ஆனால் நிலங்கள் தம்முள் கலப்பதில்லை. எந்தக் கேள்வியின் விடைகள் கலக்கும், எவை கலக்காது என்பதையே விதியாக்கிய வகைப்பாடு அது.

இந்த முறையைக் கணினியியலின் பொருள்களிடம் கொண்டுபோனால் கிடைப்பது என்ன? பைட்டுக் கதையிலிருந்தும் எழுத்துக் கதையிலிருந்தும் நான்கு கேள்விகள் தாமாகவே எழுகின்றன. எதன்மேல் இருக்கிறது: காந்தப் பரப்பா, மின்னூட்டமா, காகிதமா. எந்த அடுக்கில் இருக்கிறது: வரிசையா, அட்டவணையா, கிளை மரமா, வலையா. நடக்கும் செயலில் அதன் பங்கு என்ன: இயக்குகிறதா, இயக்கப்படுகிறதா. எந்த விதியின்படி படிக்கப்படுகிறது: ஆஸ்கியா, ஒருங்குறியா, செயலியின் கட்டளைப் பட்டியலா. தரவு, நிரல், செய்தி, கோப்பு என்று நாம் சொல்பவை இந்த நான்கின் விடைகள் சேரும் சேர்க்கைகள். தரவும் நிரலும் முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றுபோல் விடை தருகின்றன. பிரிவது மூன்றாவதிலும் நான்காவதிலும்தான். டியூயியின் 005 இரண்டையும் சேர்த்ததற்கும், பாடநூல் பிரிப்பதற்கும் காரணம் இதுவே.

ஐந்தாவது கேள்வி ஒன்றும் உண்டு. கணினியியலார் அதை வெளியே விட்டுவிடுகிறார்கள். அதை இராஜபாளையம் வட்டாரத்துத் தறிக்காரர்கள் கசப்போடு அறிவார்கள்.

சத்திரப்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் விசைத்தறியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகிறது. உலகச் சுங்க அமைப்பின் ஒத்திசைவுக் குறியீட்டு முறையில், 1988 முதல் உலக வணிகம் ஏறக்குறைய அனைத்துக்கும் பொதுவான இந்தப் பகுப்பில், இந்தத் துணிக்கு எண் என்ன? எண்பத்தைந்து சதவீதத்துக்குக் குறையாத பருத்தி, சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேற்படாத எடை என்றால் 5208, பருத்தித் துணி. காஸ் நெசவு என்றால் 5803. மருந்து ஏற்றப்பட்டதாகவோ, மருத்துவப் பயனுக்கெனச் சில்லறை விற்பனைக்குரிய வடிவிலோ பொதியிலோ இருந்தால் 3005. அது மருந்துப் பொருள்களின் அத்தியாயம். தறியிலிருந்து இறங்கி, வெளுத்து, உலர்ந்து கிடக்கும் ஒரே துணி, முழங்கணக்கில் கிடந்தால் ஓர் இனம். வெட்டி உருட்டிச் சிறு பொதியில் அடைத்தால் வேறோர் இனம். பாவிலும் ஊடையிலும் ஓர் இழைகூட மாறவில்லை. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது பருத்தித் துணிக்கு 5 சதவீதம், 3005-க்கு 12 சதவீதம். இடையிலிருந்த ஏழு சதவீதம் சிறு உற்பத்தியாளர்களுக்குப் பெரும் சுமை. 2025 செப்டம்பரில்தான் 3005-உம் 5 சதவீதத்துக்கு இறங்கியது.

அந்தக் குறியீட்டு முறையில் பொது விளக்க விதிகள் ஆறு இருக்கின்றன. மூன்றாவது விதி, ஒரு சரக்கு இரண்டு தலைப்புகளிலும் பொருந்தினால் என்ன செய்வது என்று சொல்கிறது. முதலில், குறிப்பாக விவரிக்கும் தலைப்பை எடு. அதிலும் தீராவிட்டால் சரக்குக்குச் சாரமான தன்மையைத் தரும் பகுதியைப் பார். அதுவும் முடியாவிட்டால், எண்வரிசையில் கடைசியாக வரும் தலைப்பை எடுத்துக்கொள். மரக்கிளை வகைப்பாடு எந்த இடத்தில் கைவிரிக்கும் என்பதை இவ்வளவு நேர்மையாக எழுதி வைத்த ஆவணம் வேறொன்றை நான் படித்ததில்லை.

இதிலிருந்து வருவதே ஐந்தாவது கேள்வி: எந்த நோக்கத்துக்காக, யார் செய்த ஏற்பாட்டின்படி இது இதுவாக எண்ணப்படுகிறது? சரக்குப் பட்டியலில் 18 என்ற எண், விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்ட நீளம். அதே எண் வரிப் பட்டியலில் ஏறினால் சட்டப் பொறுப்புள்ள கூற்று. கடவுச்சொல், மின்கையொப்பம், நிலப் பதிவு, வங்கி இருப்பு ஆகியவற்றை முதல் நான்கு கேள்விகளால் மட்டும் அடையாளம் காண முடியாது. கையொப்பத்தை ஒரு நீண்ட எண்ணிலிருந்து பிரித்துக்காட்டுவது அதைக் கையொப்பமாக ஏற்கும் ஏற்பாடு மட்டுமே. இந்தியாவில் அந்த ஏற்பாட்டின் பெயர் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். அர்த்தம் பொறியியலுக்குத் தேவையில்லை என்று ஷானன் ஒதுக்கியது அவர் எடுத்துக்கொண்ட சிக்கலுக்குச் சரியே. அந்த ஒதுக்கீட்டைத் துறை முழுவதற்கும் நீட்டியதால், கணினியியல் தன் பொருள்களில் சரிபாதியை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டது என்பது என் கணிப்பு.

ஐந்து கேள்விகள் போதுமா என்று சோதிக்க, இன்று மிகவும் குழப்பும் ஒரு பொருளை எடுக்கலாம்: பயிற்சி பெற்ற மொழி மாதிரி. வட்டில் அது கோடிக்கணக்கான எண்கள் கொண்ட கோப்பு. எதன்மேல் இருக்கிறது என்பது தெரியும், அடுக்கும் தெரியும், பெரிய பெரிய அணிகள். பங்கு? அந்த எண்களைச் செயலி கட்டளையாக ஓட்டுவதில்லை. சிறிய நிரல் ஒன்று அவற்றைப் பெருக்கிக் கூட்டுகிறது. அந்தக் கணக்கில் அவை தரவு. ஆனால் வெளியே வரும் விடையைத் தீர்மானிப்பது அந்தச் சிறு நிரல் அல்ல, எண்களே. அந்தக் கணக்கில் அவை நிரல். மூன்றாவது கேள்விக்கு இங்கே இரண்டு விடைகள் ஒரே நேரத்தில் உண்மையாகின்றன. தொல்காப்பிய மரபில் சொன்னால், மயங்கலாகாத இடத்தில் மயக்கம் வந்திருக்கிறது.

திறந்த மூல முனைவம் என்ற அமைப்பு 2024 அக்டோபரில் திறந்த மூலச் செயற்கை நுண்ணறிவுக்கு வரையறை வெளியிட்டபோது இந்த முடிச்சைத்தான் எதிர்கொண்டது. நிரலுக்கு என்று எழுதப்பட்ட பழைய வரையறையை மாதிரிக்கு அப்படியே பூட்ட முடியவில்லை. பயிற்சி நிரல், எண் அளவுருக்கள், பயிற்சித் தரவு பற்றிய விவரம் என்று மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டியிருந்தது. தரவையே தர வேண்டுமா, விவரம் போதுமா என்பதில் கடும் கருத்து வேறுபாடு எழுந்தது. விவரம் போதும் என்று வரையறை நின்றது.

அந்த விவாதத்தின் அடியில் இருப்பது ஆறாவது கேள்வி: இது எதிலிருந்து எப்படி உண்டானது? மனிதர் எழுதிய நிரலுக்கு இக்கேள்வி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. மூலநிரலைப் படித்தால் என்ன செய்யும் என்று ஓரளவு தெரிந்துவிடும். மாதிரியின் எண்களைப் படித்து அப்படி அறிய முடியாது. எந்த நூல்களில், எந்த மொழிகளில், யார் எழுதியதில் பழகியது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அது என்ன இனம் என்றே பேசத் தொடங்க முடியும். சரக்கு வணிகம் இந்தக் கேள்வியைத் தன் குறியீட்டு எண்ணுக்குள் திணிக்கவில்லை. ஏற்றுமதியாகும் துணிப் பொதிக்கு 3005 என்ற எண் ஒன்று. அது எந்த நாட்டில் நெய்யப்பட்டது என்று சொல்லும் தோற்றச் சான்றிதழ் வேறொரு தாள், வேறோர் அதிகாரி கையெழுத்திட்டது. வரிச்சலுகை கேட்பவர் இரண்டையும் காட்ட வேண்டும். மாதிரிக் கோப்புகளில் அடுக்குகளின் பெயருக்கும் அளவுக்கும் இடம் இருக்கிறது. பழகிய நூல்களின் பட்டியலைக் கட்டாயமாக்கும் கட்டம் இன்னும் இல்லை.